தைலம் எழுதிக்கொண்டிருக்கிறார்

எங்கள் கோடிங் வகுப்பு நடந்த கட்டடம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி. மூடி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் மாடியில் இருந்த பெரிய வார்டை வாடகைக்கு எடுத்து, கட்டில்களைத் தூக்கிவிட்டு மேசை நாற்காலி போட்டு, பன்னிரண்டே வாரத்தில் நீங்களும் டெவலப்பர் என்று வாசலில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கூரையில் திரை தொங்கவிடும் கம்பிகள் அப்படியே இருந்தன. சுவரில் பெயின்ட் அடித்த படுக்கை எண்களையும் யாரும் அழிக்கவில்லை. எனக்கும் பக்கத்தில் இருந்தவளுக்கும் ஒன்பதாம் நம்பருக்குக் கீழே இடம் கிடைத்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இந்த இடத்துல எத்தனை பேர் போய்ச் சேர்ந்தாங்களோ" என்றேன்.

அவள் சிரித்தாள். "பாஸ் ஆகலைன்னா நாமளும் இங்கேயே சேர்ந்துடலாம் அக்கா."

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. எனக்குப் பத்து வருஷம் இளையவள். எந்நேரமும் தலைவலித் தைலத்தை நெற்றியில் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வாசனை எங்கள் மேசையைச் சுற்றி நாலு மேசைக்கு அடிக்கும். நான் அவளுக்குத் தைலம் என்று பெயர் வைத்தேன். நான் பதினேழு வருஷம் ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓட்டியவள் என்று தெரிந்ததும் அவள் எனக்கு ஜெராக்ஸ் என்று பெயர் வைத்தாள். கடைசி புராஜெக்டில் எங்கள் பயனர் பெயர்களும் அவையே ஆகிவிட்டன.

புராஜெக்ட் ஒரு பிளாக் சைட். யாரும் பதிவு எழுதலாம், படிப்பவர்கள் கீழே கமென்ட் போடலாம். இரண்டிரண்டு பேராகக் கட்ட வேண்டும். நான் முகப்பு, லாகின் என்று உப்புச் சப்பில்லாத பக்கங்களை ஒப்பேற்றினேன். உயிருள்ள பகுதியை எழுதியது அவள்தான். சைட்டுக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். யாராவது கமென்ட் எழுதத் தொடங்கினால், "இன்னார் எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று வந்து மூன்று புள்ளிகள் துடிக்கும். விரலை எடுத்துவிட்டால் மறைந்துவிடும். டிரெய்னரே வந்து நின்று பார்த்து, "யாரும்மா இது, பிரமாதம்" என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். அவள் மோதிரம் கொஞ்சம் லூஸ். தட்டும்போதெல்லாம் லேப்டாப் விளிம்பில் பட்டு டக், டக் என்று சத்தம் வரும்.

"ரெண்டு வாரமா இந்தத் தலைவலி விட மாட்டேங்குது அக்கா. ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள். ஒரு வியாழக்கிழமை அது.

"நாளைக்கு டெமோ காட்டணும். முதல்ல கமென்ட் பகுதியை முடி. டாக்டர் எங்கயும் ஓடிட மாட்டார்."

ஆமாம், நான்தான் சொன்னேன். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

அவள் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே சோதித்துப் பார்க்கிறேன் என்றாள். சாயங்காலம் நான் என் வீட்டில் சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி ஐந்து ஐம்பது. அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தது. சோதனைக்குப் போட்டிருந்த பதிவுக்குக் கீழே வரி வந்தது.

தைலம் எழுதிக்கொண்டிருக்கிறார்…

காத்திருந்தேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கமென்ட் வரவில்லை, புள்ளிகளும் நிற்கவில்லை.

"எழுதித் தொலையேன்டி" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். யாராவது அவ்வளவு நேரம் விடாமல் எழுதுவார்களா? கோடில் தப்பு என்று முடிவுகட்டினேன். எங்கள் குறைப்பட்டியலில் கடைசியாக ஒன்று சேர்த்தேன்: புள்ளிகள் நிற்பதில்லை, தைலம் சரிசெய்ய வேண்டும். ஆறேகாலுக்கு எரிச்சலோடு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் கீபோர்டின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாளாம். மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

அடுத்த வாரம் அவளுடைய பொருள்களை வாங்கிப் போக அவர் வகுப்புக்கு வந்தார். ஒரு பை, ஒரு ஸ்வெட்டர், பாதி தீர்ந்த தைலப் புட்டி. மேசையைத் தடவிப் பார்த்தார்.

"டாக்டர் சொன்னாருங்க, ஒரு மணி நேரம் முன்னாடி யாராவது பாத்திருந்தாக்கூடப் பொழைக்க வெச்சிருக்கலாமாம். வீட்ல யாரு இருந்தா? பாப்பா டியூஷன் போயிருந்தா, நான் ரோட்ல."

நான் என் லேப்டாப்பை மெல்ல மூடினேன்.

"அவ செஞ்சதை ஒரு தடவை பாக்கணுங்க. அடியில அவ பேரு வருமாமே? பாப்பா பாக்கணும்னு சொல்றா."

காட்டினால் பதிவுகளில் நேரம் வரும். பச்சை எப்போது எரிந்தது, யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று வரும். "அவங்க ஒண்ணும் முடிக்கலைங்க. இருந்ததும் அழிஞ்சு போச்சு" என்றேன்.

அவர் தலையாட்டினார். "இதை நீங்க வெச்சுக்கோங்க. உங்களைப் பத்தி நிறைய சொல்லிச் சிரிப்பா." தைலப் புட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை மாடிப்படிக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கோடில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயர் பதிவாகியிருக்கும். நான் எல்லாவற்றையும் புதிய ஃபோல்டரில் நகலெடுத்து, என் பெயரில் ஏற்றினேன். நகலெடுப்பது எனக்குக் கைவந்த கலை. இணையத்தில் இருந்த சைட்டை நீக்கினேன். தைலம் என்ற பயனரை அழித்தேன். அடியில் இருந்த அவள் பெயரையும் எடுத்தேன். டெமோவுக்கு ஒரு பெரிய கம்பெனி ஆள் எடுக்க வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். நாற்பத்து மூன்று வயதில், "இந்த வயசுல படிச்சு எதைக் கிழிக்கப் போறே" என்று வீட்டில் தினமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அது ஒன்றே வழி என்று நினைத்தேன். நெஞ்சு உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. ஆனாலும் செய்தேன்.

தள்ளிப்போட்டிருந்த டெமோ காலை பதினொரு மணிக்கு. ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. சைட் என் லேப்டாப்புக்குள் மட்டுமே ஓடியது, இணைய இணைப்புகூட இல்லை. கம்பெனியிலிருந்து வந்த மேடம் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் முதல் பதிவைத் திறந்தேன். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவர் நிறையப் பக்கம் விரிந்தது.

கீழே ஒரு வரி வந்தது.

தைலம் எழுதிக்கொண்டிருக்கிறார்…



அந்தப் பெயர் அந்த லேப்டாப்பில் எங்கேயும் இல்லை.

புள்ளிகள் துடித்தன. தலைக்கு மேலே திரைக் கம்பியில் ஒரு வளையம் கிர்ரென்று நகர்ந்து என் பக்கம் வந்து நின்றது. மூடியிருந்த அறையில் குபீரென்று தைல வாசனை அடித்தது. யாராவது தும்முவார்களா என்று பார்த்தேன். யாருக்கும் எட்டியதாகவே தெரியவில்லை.

டக்.

டக்.

"நல்லா இருக்கே, யாரோ எழுதுறாங்க போல" என்றார் மேடம். "இந்த லைவ் வசதி யாரோட ஐடியா? யார் எழுதினது?"

டிரெய்னர் என்னையே பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் எதைச் சொல்வேன் என்று காத்திருந்தார்.

"நான்தான் மேடம்."

புள்ளிகள் நின்றன. வாசனையும் விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். டிரெய்னர் மட்டும் எழுந்து வெளியே போனார்.

வேலை கிடைத்தது.

எட்டு மாசம் ஆகிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அந்த லேப்டாப்பை மூடி, துணி அலமாரிக்குள் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டேன். பேட்டரி எப்போதோ செத்திருக்க வேண்டும். ஆபீஸில் கொடுத்த கம்ப்யூட்டரில்தான் வேலை. எந்தப் பக்கத்தில் எழுதும் பெட்டி வந்தாலும் அடியில் புள்ளி துடிக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ஒன்றும் வந்ததில்லை. தப்பித்தோம் என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டேன், வெட்கங்கெட்ட மனசு.

நேற்று சாயங்காலம் வீட்டில் தனியாக இருந்தேன். போன் அடித்தது. தைலத்தின் வீட்டுக்காரர்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றார். குரல் மெதுவாக வந்தது. "பாப்பா படிப்புக்கு ஆகுமேன்னு அவ லேப்டாப்பை எடுத்து சார்ஜ் போட்டேன். தானா ஒரு பக்கம் திறந்துச்சு. உங்க ரெண்டு பேரோட சைட்டு. அழிஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது.

"அது… பழசு ஏதாவது தங்கியிருக்கும்ங்க. மூடிடுங்க. அதைப் பாக்காதீங்க."

"அடியில அவ பேரு இருக்குங்க. பக்கத்துல பச்சையா எரியுது. பாப்பா, அம்மா இருக்காங்க, அம்மா இருக்காங்கன்னு குதிக்கிறா." அவர் மூச்சு வாங்கினார். "அவ ஏதோ எழுதிட்டு இருக்கான்னு காட்டுது. பொறுங்க. வந்துடுச்சு."



அவர் எழுத்துக் கூட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"அக்கா, நீங்க உள்ள இருக்கீங்கன்னு பச்சை காட்டுது. தலை வெடிக்குது. கை இழுக்குது. அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க…" அவர் நிறுத்தினார். "அதுக்கப்புறம் ஒரே எழுத்துங்க. திரும்பத் திரும்ப. பக்கம் பக்கமா போயிட்டே இருக்கு. தேதி அந்த வியாழக்கிழமைன்னு போட்டிருக்கு."

பின்னால் அந்தக் குழந்தை என்னப்பா என்று கேட்பது காதில் விழுந்தது.

"அக்கான்னா நீங்கதானேங்க?"

எட்டு மாசமாக நான் தயார் பண்ணி வைத்திருந்த பதில் அது. "லேப்டாப்பு திறந்து கிடந்திருக்கும்ங்க. நான் அப்ப பக்கத்துலயே இல்ல."

 என் வீட்டுக்குள் மெல்ல மெல்ல வாசனை ஏறியது. தைல வாசனை. துணி அலமாரிப் பக்கமிருந்து வந்தது.

"இப்ப ஜெராக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறார்னு வருதுங்க" என்றார். "பச்சையும் எரியுது. நீங்களா எழுதுறீங்க?"

என் ஒரு கையில் போன். இன்னொரு கை மடியில் இருந்தது.

அலமாரிக்குள், போர்வைக்கு அடியில், சத்தம் கேட்டது.

டக்.

டக். டக்.

"எழுதுங்க" என்றார் அவர். "முழுசா எழுதி முடிங்க. நான் பாத்துட்டேதான் இருக்கேன்."