குருட்டு இரண்டு மீட்டர்

தொட்டியில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் திரையில், ஆறாவது மீட்டரில் தெரியும் எதிர்ச்சுவர்க் கோட்டுக்கு முன்னால், ஐந்தில், ஒரு புள்ளி நின்றது.

அச்சுதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். நின்றது.

பிள்ளையாரைத் தண்ணீரில் கரைக்கும் விசர்ஜன நாள். சிஞ்ச்வட் ஊர் முழுக்கத் தெருவில் இருந்தது. பட்டறையில் அவன் ஒருத்தன். ஜன்னல் இல்லாத அந்தக் கூடத்தின் சுவரைத் துளைத்து மேளச் சத்தம் வயிற்றில் அதிர்ந்தது. பாசி நாற்றமும் சாலிடர் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டின. அவன் காலடியில் சுருண்டு கிடந்த கறுப்புக் கேபிள் தொட்டி விளிம்பேறி உள்ளே இறங்க, அதன் நுனியில் தொங்கிய குமிழ் நொடிக்கொரு தரம் ‘டிக்’ என்று தண்ணீரைத் தட்டி, திரும்பி வரும் ஒலிக்குக் காது கொடுத்தது. அந்த ஒலியைத் திரையில் புள்ளியாக்கும் சர்க்யூட் அவன் செய்தது.

அதில் செய்த அயோக்கியத்தனமும் அவனுடையதுதான். தட்டிய குமிழின் சொந்த அதிர்வே பொய்ப் புள்ளிகளாகக் கொட்டும். நல்ல போர்டில் ஒரு சாண் தூரத்தை மறைத்தால் போதும். இவன் போர்டு நல்ல போர்டில்லை. சரிசெய்ய ஒரு மாதம் வேண்டும். வெள்ளோட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. குமிழைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் எது தெரிந்தாலும் அழித்துவிடு என்று சிப்பில் எழுதிவிட்டான். திரை பளிங்காயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள்.

வெள்ளோட்டத்தன்று ஏரியில் குமிழைத் திருப்பி வைக்க, இடுப்பில் கயிற்றோடு முங்கியவர் ஸ்டீபன். படகில் கயிறு பிடித்தவன், “ரெண்டு இழுப்பு வந்துச்சு சார். கீழதான் இருக்காரு” என்றான்.

“கயிறு ஆயிரம் சொல்லும். திரை காலி. அந்தப் பக்கமா ஏறியிருப்பார், இன்ஜினப் போடுய்யா” என்றவன் அச்சுதன். படகடியில் தொங்கிய குமிழுக்குப் பக்கத்தில்தான் ஸ்டீபன் இருந்தார்; விசிறி சுழன்றது.

இப்போது புள்ளி நாலில்.

போன் அடித்தது. தலைமை எஞ்சினியர் வாசுதேவன்.

“ரிப்போர்ட் என்னாச்சுப்பா? அந்த ரெண்டு மீட்டர் சமாச்சாரத்த எழுதித் தொலைக்காதே. சொன்ன நேரத்துக்குள்ள ஸ்டீபன் மேல ஏறி வரல, அவ்வளவுதான்.”

“அவர் சம்சாரம் ஆரோக்கியமேரி தினம் போன் பண்றாங்க சார்.”

“என்னவாம்?”

“அவர் கயித்த இழுத்தாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கங்கறாங்க.”

“இழுக்கலன்னு சொல்லு. கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்கு வா. மோதகம் எடுத்து வெச்சிருக்கேன்.”

மூன்று.

‘கருவியில் குறையில்லை. இறந்தவரின் கவனக்குறைவு.’ படித்தவன் சொல்லும் பொய்க்கு அறிக்கை என்று பெயர். அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. குறையில்லாத கருவி காட்டினால், அந்தப் புள்ளி நிஜம்.

இரண்டரை.

இரண்டு.

புள்ளி மறைந்தது.

திரை காலி.

மேளம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. டிக். டிக். தொட்டி விளிம்பு கைக்கெட்டும் தூரம். எழுந்து எட்டிப் பார்க்கலாம். பார்க்கவில்லை.

டீசல் வாடை. இங்கே ஏது டீசல்?

தொங்கிய கேபிள் விறைத்தது.

ஓர் இழுப்பு.

இன்னொன்று.

பிறகு நிற்கவில்லை. சுருள், வளையம் வளையமாகத் தரையில் அவிழ்ந்து, விளிம்பேறி, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கடைசி வளையத்துக்குள் அச்சுதனின் வலது கால் இருந்தது.