மூன்றாவது கேமரா

திரையில், அனிமேஷன் ஃபைலின் கேமரா பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. ஹரிணி வைத்தது இரண்டுதான். நேற்று மாலை அவள் முதலாளி முனிராஜ் சாருக்குப் படத்தை ஓட்டிக் காட்டியபோது முனிலட்சுமி பின்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, எண்ணிப் பார்த்திருந்தாள்.

இன்று ஆயுத பூஜை. பாகலூர் ரோட்டு மாடியில் இருந்த அந்தச் சின்ன அனிமேஷன் ஆபீஸில் காலையிலேயே பூஜை முடிந்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கும்பிட்டு வைத்த கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். அதனால்தான் யாரும் வரமாட்டார்கள் என்று மத்தியானம் இரண்டு மணிக்குச் சாவியோடு வந்தாள் முனிலட்சுமி. கற்பூரப் புகையும், கனிந்து கறுத்த வாழைப்பழமும், வாசலில் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாடையும் சாத்திய ஜன்னல்களுக்குள் ஒன்றாகக் கனத்துக் கிடந்தன. எட்டு மானிட்டர்களுக்கும் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை. ஹரிணியுடையதற்கு மட்டும் மாலை பெரிதாக இருப்பதாகப் பட்டது. அது எரிந்துகொண்டிருந்தது; அணைக்க மறந்திருப்பார்கள் என்று ஹரிணியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

ஆறு வருஷமாக இங்கே மாடு மாதிரி உழைக்கிறவள் இவள். ஹரிணி வந்து பதினான்கு மாதம். ஒரு தொழிற்சாலைக்காக, தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் கை மாட்டும் விபத்தைக் காட்டுகிற பாதுகாப்புப் படத்தை அவளிடம் கொடுத்திருந்தார்கள். நாளை நல்ல நேரத்தில் தொழிற்சாலைக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் ஹரிணிதான் டீம் லீடர். அந்தப் பதவி தனக்கு என்று முனிலட்சுமி ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். வயிறு எரிந்தது. பொறாமைதான், அதை அவள் தனக்குள் மறைக்கவில்லை.

சாரை மயக்கியது ஒரே இடம். முதல் கேமரா, மெஷின் ஓட்டும் முகமில்லாத சாம்பல் நிறப் பொம்மைக்கு எதிரே நிற்கிறது. இரண்டாவது கூரையில். பிரஸ் விழும் நொடியில் முதல் கேமராவின் பார்வை வெட்டே தெரியாமல் இரண்டாவதற்கு நழுவிப் போகும். அந்த நழுவலைக் கெடுத்தால் போதும். கேமரா போக வேண்டிய பாதையில் குறித்திருக்கும் இரண்டு புள்ளிகளை நகர்த்திவிட்டால் அது சுவரில் முட்டி நிற்கும்; நாளை எல்லார் முன்னாலும் படம் பல்லிளிக்கும்.

ஆனால் இந்த மூன்றாவது எங்கிருந்து வந்தது? அழுத்தினாள்.

திரையில் வந்தது தொழிற்சாலை இல்லை, இதே அறை. கூரை மூலையிலிருந்து பார்க்கிற மாதிரி எட்டு மேஜைகள், எட்டு மாலைகள், வாசலில் குங்குமம் தடவிய பூசணித் துண்டுகள். ஹரிணியின் நாற்காலியில் அந்தச் சாம்பல் பொம்மை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

இதையும் செய்துவிட்டாளா! பயத்துக்கு முன்னால் வந்தது அந்த எரிச்சல்தான். சாமந்தியின் வாடிய ஓரம்கூட அத்தனை சுத்தமான வேலை. தன்னால் ஆறு வருஷத்தில் முடியாதது. பிறகுதான் உறைத்தது. பூசணிக்காயை உடைத்தது இன்று காலை. ஃபைலைக் கடைசியாகச் சேமித்தது நேற்று.

போனை எடுத்தாள்.

"சொல்லுங்க அக்கா." வேப்பனப்பள்ளியில் ஹரிணி வீட்டில் ஆள் சத்தம். "டிராக்டருக்குப் பொட்டு வெச்சிட்டிருக்கோம்."

"உன் ஃபைல்ல எத்தன கேமரா?"

"ரெண்டுதாங்க்கா. ஏன் கேக்கறீங்க, ஆபீஸ்லயா இருக்கீங்க?"

"சும்மாதான் கேட்டேன். வீட்லதான் இருக்கேன்."

"அதானே. சார் மெயினயே ஆஃப் பண்ணிட்டுதானே போனாரு. பூஜையில யூபிஎஸ் ஒயரக்கூட கழட்டி வெச்சோமே."

முனிலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி சுற்றவில்லை. கதவோரம் மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் ஒயர் சுருட்டி, அதன் மேல் ஒரு சாமந்திப்பூ. மானிட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கதவு பத்தடியில் இருந்தது. போயிருக்கலாம். போனால் நாளை ஹரிணி டீம் லீடர். அந்த நினைப்பு அவளை நாற்காலியில் பிடித்து வைத்தது. மூன்றாவது கேமராவை விட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்பி, முதல் புள்ளியை நகர்த்தினாள். இரண்டாவதையும் நகர்த்தினாள். சேமித்தாள்.

படம் தானாக ஓடத் தொடங்கியது.

கேமரா சுவரில் முட்டவில்லை. சுவருக்குள் நுழைந்தது. இருட்டு. பிறகு ரோடு, லாரிகள், இந்தக் கட்டிடத்தின் மாடிப்படி. ஒவ்வொரு படியாக ஏறியது. வாசலில் பூசணித் துண்டுகளைத் தாண்டியது. அவளுக்குப் பின்னால், நிஜத்தில், ஈரமாக ஏதோ மிதிபட்டது.

திரையில் பொம்மையின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. அதற்கு ஒரு பின்னல் இருந்தது. அவளுடைய பின்னல். அவளுடைய பச்சைச் சுடிதார்.

மவுஸை விட்டாள். பொம்மையும் விட்டது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரியில் குளிர். இன்னும் கிட்டே. இன்னும்.

வெளிச்சம்.

கண்ணாடிக்கு அப்பால் பெரிய பெரிய முகங்கள். முனிராஜ் சார், தொழிற்சாலைக்காரர்கள் மூன்று பேர், நெற்றியில் விபூதியோடு ஹரிணி. மறுநாள் ஆகிவிட்டிருந்தது. முனிலட்சுமியின் கைகள் சாம்பல் நிறமாக மெஷினுக்குள் நீண்டிருந்தன. இழுத்தாள். வரவில்லை. தலைக்கு மேலே பிரஸ் இறங்கியது. எதிரே நின்ற கேமரா, அவள் புள்ளிகளைத் தொடவே இல்லை என்பது மாதிரி, வெட்டே தெரியாமல் கூரைக்கு நழுவிப் போனது.

கத்தினாள். சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள்.

"அந்த முகத்துல வலி அப்படியே தெரியுதுங்க," என்றார் தொழிற்சாலைக்காரர் ஒருவர். "யாரு செஞ்சது?"

"நான் முகமே வெக்கலைங்க சார்," என்றாள் ஹரிணி.

முனிராஜ் சார் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "முனிலட்சுமி வேலையா இருக்கும், அவ மொகத்தயே வெச்சிருக்கா. இப்படி ஒண்ணு செய்வான்னு நெனக்கவே இல்ல. அவளயே டீம் லீடராப் போட்றலாம். எங்க, இன்னைக்கு ஆளயே காணோம்?"

"இன்னொரு தடவ போடுங்க," என்றார் தொழிற்சாலைக்காரர்.

கைகள் மறுபடி முழுசாயின. மெஷினுக்குள் நீண்டன. மேலே பிரஸ் இறங்கத் தொடங்கியது.