கையில் கொடுக்காத அரிவாள்

“கையில கொடுங்க...”

“மாட்டேன். கீழ வைக்கிறேன், எடுத்துக்குங்க.”

பரிதிக்கு வியர்த்தது. தஞ்சாவூர்க் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவன் உருவாக்கிய கருவி அது. அதன் கண்ணாடியை மாட்டினால் விளைந்த வயல் தெரியும். கையுறை போட்டால் இல்லாத அரிவாளின் கனம் கையில் இறங்கும். இன்று ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்கிக் காட்ட வேண்டும். தவறினால், எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று அதிகாரிகளும் ஆய்வையே இழுத்து மூடிவிடுவார்கள். கூட நிற்க வேண்டிய ஜெயபாலுக்குக் காய்ச்சல். அதனால் மழைக்கு வாசலில் ஒதுங்கிய பெண்ணைக் கெஞ்சி அழைத்து வந்திருந்தான். பெயர் ஜீவிதா, வலங்கைமான் பஸ்ஸுக்குக் கிளம்பியவள்.

அவள் இமையில் ஒரு மழைத்துளி... அதைப் பார்த்ததில் அவனுக்குப் பாதி விளக்கம் மறந்துபோனது. சரியாகப் பார்ப்பதற்குள் அவள் கண்களைக் கண்ணாடி மூடிவிட்டது. சொந்தக் கண்டுபிடிப்பின் மேலேயே எரிச்சல்பட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்!

அவள் குனிந்து வைத்தாள். அரிவாள் தரைக்குள் புதைந்து காணாமல் போனது. கீழே வைப்பார்கள் என்று அந்த மேதை யோசித்திருக்கவேயில்லை.

“என்ன தம்பி, ஆச்சா?” என்றார் அதிகாரி.

அவசரமாக அரிவாளை மறுபடி அவள் கைக்கு வரவழைத்தான். “இது நிஜ அரிவாளே இல்லைங்க!”

“கனம் இருக்குல்ல? கையில கொடுத்தா சண்டை வரும்.”

“படிச்சவங்கதானே நீங்க?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். எதிரே மிதந்த அவள் கை, கண்ணாடியைக் கழற்ற மேலே போனது...

“போகாதீங்க! நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

கை பாதியில் நின்றது. அரிவாளை நீக்கிவிட்டு, வேறொரு பாடத்துக்காகச் செய்துவைத்த நாற்றுமுடியைப் போட்டான். “இதைக் கொடுப்பீங்களா?”

மெல்ல ஒரு பாரம் அவன் உள்ளங்கையில் அமர்ந்தது. கூடவே அவள் விரல்களின் அழுத்தம். ஈரம் காட்டத் தெரியாத கையுறைதான். ஆனாலும் அவனுக்குச் சில்லிட்டது.

“அறுப்பு வயல்ல நாத்தா?” என்றார் அதிகாரி.

“குறுவை அறுத்தாச்சு சார்... அடுத்து தாளடி நடவுதானே!” என்று சமாளித்தான் பரிதி.

மூவரும் சிரித்துவிட்டார்கள். “சரிப்பா, தொடர்ந்து பண்ணு.”

கண்ணாடியைக் கழற்றியபோது அவள் வாசலில் இருந்தாள். பரிதி ஓடினான்.

“ஒண்ணு கேக்கட்டுமா? பஸ் ஏறிப் போகப்போறீங்க. நமக்குள்ள சண்டை வந்தா உங்களுக்கென்னங்க?”

ஜீவிதா நிமிர்ந்தாள். மறைக்க எதுவுமில்லாத அகன்ற கண்கள்... ஒரு கணம்தான். சட்டென்று மழையைப் பார்த்துக்கொண்டாள்.

“பஸ் ஏறினதோட முடிஞ்சிடணும்னு நெனச்சிருந்தா... அப்பவே கையில கொடுத்திருப்பேங்க.”