வரிசையில் விட்ட இடம்

குமிழி மறுபடியும் வந்திருந்தது. காலையில் மாஸ்டர் அவள் கண்ணெதிரே ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி, கட்டைவிரலால் நீவித் தட்டையாக்கிய அதே இடத்தில், சுவரை அடைத்து நிற்கும் பெரிய படத்தின் நடுச் சிப்பாயின் நெஞ்சில், பொத்தானுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வினைல் ஒட்டுத்தாள் உப்பிக்கொண்டு நின்றது.

"மாஸ்டர், இங்க பாருங்க," என்றாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

சுவரில் படம் ஒட்டியே தலை நரைத்த மனிதர் அவர், எல்லாருக்கும் மாஸ்டர்தான். ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். "என்னம்மா இவன்? மத்தவங்கள்லாம் சொன்ன பேச்சு கேட்டு ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்துறான். நிஜமாவே பட்டாளத்துக்காரன் போல."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அந்தச் சிப்பாய் பட்டாளத்துக்காரன் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அது அவள் கணவன்.

மாஸ்டர் இறங்கி வந்து ஊசியை எடுத்தார். மெல்லக் குத்தினார். சாதாரணமாக ஒரு நொடியில் முடிகிற வேலை. இந்தத் தடவை காற்று வந்துகொண்டே இருந்தது, சீராக, நீளமாக, அவசரமில்லாமல். பக்கத்தில் நின்ற அவளுடைய கழுத்தில் பட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. அதில் ஈரக் கம்பளியும் சேறும் கலந்த ஒரு வாடை. எதிரே கண்ணாடிப் பெட்டிகளில் பழைய சீருடைகள் தொங்குகின்றன, அவற்றின் வாடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டிகள் காற்றுப் புகாதவை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

போன் அதிர்ந்தது. கணவன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல, டிசைனரம்மா. நெஞ்சுல திடீர்னு சுருக்குன்னுச்சு. ஊசி குத்தின மாதிரி. காலையிலயும் ஒரு தடவை. வாயுவா இருக்குமோ?"

"சாப்பிட்டியா?"

"நீ சாப்பிட்டியா, அதைச் சொல்லு. இன்னிக்காவது நான் முழிச்சிருக்கும்போது வீட்டுக்கு வருவியா?"

வருகிறேன் என்றாள். ஒரு மாதத்துக்கும் மேலாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போர் வரலாற்று அருங்காட்சியகத்தின் புதிய கூடம் நாளை திறக்கிறது. வரைபடங்கள், அம்புக்குறிகள், பீரங்கிக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைகள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டும் பலகை வரை எல்லாம் அவள் கணினியில் பிறந்தவை. ஜன்னலே இல்லாத கூடம். பழைய துணிகள் வெளுத்துவிடக் கூடாதென்று விளக்குகளையும் மங்கலாகவே வைத்திருந்தார்கள். உள்ளே வந்துவிட்டால் பகலா இரவா என்று தெரியாது. மூலையில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவன் தூங்கியிருப்பான், அவளுக்கான தட்டு மூடி வைக்கப்பட்டிருக்கும். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. அதைவிடத் தூக்கம் வந்தது.

அந்தப் படம்தான் கூடத்தின் உயிர். ஏதோ ஒரு போரில், களத்துக்குக் கிளம்புவதற்கு முன், செங்கல் சுவர் ஒன்றின் எதிரே தோளோடு தோள் ஒட்டி நின்ற ஒரு படைப்பிரிவு. அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. வரிசையின் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் குறிப்புகள் எழுதித் தருகிற பெண்மணி அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நடுவில் விட்டிருக்கும் இடம், இன்னும் வந்து சேராத ஒருவனுக்காக.' அந்த ஒரு வரியால் குறிப்பு அட்டைக்குள் அடங்காமல் வழிந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் வயதானவர்களால் படிக்க முடியாது. அவள் அந்த வரியை வெட்டினாள். யாரும் கவனிக்கவில்லை.

வரி போனதும் அந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரிந்தது. முதல் அச்சைத் தரையில் விரித்துக் காட்டியபோது அருங்காட்சியக இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கே. உங்ககிட்ட இல்லாத கம்ப்யூட்டரா? ஏதாவது போட்டு நிரப்புங்க."

நிரப்பினாள். வரிசையில் நிற்பவன் ஒருவனையே பிரதி எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனுக்குப் பழைய மேல்கோட்டை மாட்டிப் படுக்கையறைச் சுவரோடு நிறுத்தினாள். தாடையை நிமிர்த்து, தோளைப் பின்னுக்குத் தள்ளு, மூச்சை இழுத்துப் பிடி. அவனும் வெகு சிரத்தையாகப் பிடித்தான். அவள் படமெடுத்து, கணினியில் ஏற்றி, வெளிச்சம் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் மூழ்கிப்போனாள். பின்னாலிருந்து பல்லைக் கடித்தபடி ஒரு குரல் வந்தது: "விடவா?"

"இரு, இரு. நான் சொல்லும்போது விடு," என்றாள். சொல்ல மறந்தே போனாள். அவன் முகம் சிவந்து, வெடித்துச் சிரித்து, கட்டிலில் விழுந்தான். அந்த மாதத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

"ஊசி சரிப்பட்டு வராது," என்றார் மாஸ்டர். "சூடு காட்டி இழுத்துப் பார்ப்போம்."

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்து, சிப்பாயின் நெஞ்சிலிருந்து கழுத்துவரை காட்டினார். வினைல் பளபளத்து இளகியது. பிளாஸ்டிக் பட்டையால் அழுத்தித் தேய்த்தார். அவளுடைய போன் மறுபடி அதிர்ந்தது. அவன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். காதில் வைத்துக் கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "ஏசி போட்டும் வேகுதுப்பா. நெஞ்செல்லாம் எரியுது. கழுத்துகிட்ட செவந்துபோச்சு. நீ சீக்கிரம் வாயேன்."

அவள் கை தானாக நீண்டு மாஸ்டரின் கையைப் பிடித்தது. "நிறுத்துங்க."

"என்னம்மா ஆச்சு?"

"போதும் மாஸ்டர். இதை உரிச்சு எடுத்துடலாம்."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தப் பசை ஊறிடுச்சுன்னா தோல் மாதிரி. உரிச்சா சுவரோட பிஞ்சுக்கிட்டு வரும். மாத்தியே ஆகணும்னா மேல ஒண்ணு ஒட்டலாம், அவ்ளோதான். என் பேச்சைக் கேளுங்க, வீட்டுக்குப் போய்ப் படுங்க. முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு." அவருக்கு வேறொரு இடத்தில் வேலை இருந்தது. ஏணியை விட்டுவிட்டுப் போனார். வெளிக்கதவு சாத்தும் ஓசை கேட்டது. பிறகு இயந்திரத்தின் உறுமல் மட்டும்.

அவள் படத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். களைத்துப்போனவளின் மூளை கண்டதையும் முடிச்சுப் போடும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ ஒன்று சரியாக இல்லை. மடிக்கணினியைத் திறந்து, அச்சுக்கு அனுப்பிய படத்தை எடுத்து, திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவனுக்கும் பக்கத்து ஆட்களுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மெல்லிய இடைவெளி விட்டிருந்தாள். வெட்டி ஒட்டியது தெரியாமலிருக்க நிழல்கூடப் போட்டிருந்தாள். திரையில் அந்த இடைவெளி இருந்தது. சுவரில் இல்லை. இடப்பக்கத்தவனின் தோள் கணவனின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலப்பக்கத்தவனின் தோளும்.

போன் செய்தாள். அவன் உடனே எடுத்தான்.

"என்ன பண்றே?"

"நிக்கிறேன்."

"ஏன் நிக்கிறே? உட்காரு. படு."

"முடியல." அவன் குரல் இறுகியிருந்தது, தாடையை நிமிர்த்தியபடி பேசுகிறவன் குரல். "படுக்கையறைச் சுவர்கிட்ட நிக்கிறேன். எப்ப வந்து நின்னேன்னே தெரியல. பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரி இருக்குப்பா. ரெண்டு பக்கமும். இடிக்கிறாங்க."

"யாரு?"

"தெரியல. திரும்பிப் பார்க்கக் கூடாது." மூச்சை இழுத்துப் பிடித்தான். "சேத்து நாத்தம் அடிக்குது. விடிஞ்சதும் கிளம்பணுமாம்."

"எங்க கிளம்பணும்? யாரு சொன்னது?"

"எல்லாரும்தான்," என்றான். இணைப்பு அறுந்தது.

வீட்டுக்கு ஓடினால் என்ன? ஓடிப்போய் அவனைச் சுவரிலிருந்து இழுத்தால்? இழுக்க வேண்டியது அந்தச் சுவரிலிருந்து அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. பிளேடை எடுத்து விளிம்பில் வைத்தாள். ஊசிக்கே அவனுக்கு நெஞ்சு சுருக்கென்றது. தோல் மாதிரி என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பிளேடைக் கீழே போட்டாள்.

மேல ஒண்ணு ஒட்டலாம்.

முதல் அச்சு! இயக்குநர் உதட்டைப் பிதுக்கிய அதே அச்சு, நடுவில் இடம் விட்ட அச்சு, பொருள் அறையில் சுருட்டி வைத்தபடியே இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். நடுத்துண்டை மட்டும் பிரித்தாள். அவர்கள் விட்ட இடத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் அவனை விட்டுவிடுவார்கள். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. பயந்தவளுக்கு அந்த நியாயம் போதுமாக இருந்தது.

ஏணியில் ஏறினாள். பின்தாளை உரித்தாள். மேலிருந்து கீழே, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாஸ்டர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றபடி பட்டையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வந்தாள். கணவனின் நெற்றி மறைந்தது. கண்கள். அவற்றைப் பார்க்காமல் தேய்த்தாள். வாய். நெஞ்சருகே வந்தபோது கீழேயிருந்து ஒரு மேடு பட்டையைத் தடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு அழுத்தினாள். அமுங்கியது. கால்கள். பூட்ஸ். ஓரங்களைச் சூடு காட்டி மூடினாள். விளிம்பு எங்கே என்று எனக்கே தெரியக் கூடாது என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார். செங்கல் செங்கலோடு சேர்ந்தது. கோடு தெரியவில்லை.

ஒரு குமிழிகூட இல்லை.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அழுகைகூட வந்தது. ஏணிப்படியில் உட்கார்ந்து அவனுக்குப் போன் செய்தாள். கிளம்பிட்டேன்னு சொல்லணும். சாப்பாடு வாங்கிட்டு வரேன்னு சொல்லணும்.

மணி அடித்தது. காதில் அடித்தது.

இன்னொரு இடத்திலும் அடித்தது.

போனைக் காதிலிருந்து எடுத்தாள். மெல்லிய ஓசை. கனத்த போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல். அவள் தன் கையால் அவன் போனில் வைத்துக் கொடுத்த அந்தச் சினிமாப் பாட்டின் மெட்டு.

படத்துக்குள்ளிருந்து வந்தது.

கூடத்தில் சேற்று வாடை நிறைந்தது. அவள் சுவரருகே போனாள். உள்ளங்கையை வைத்தாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. மணி கையில் அதிர்ந்தது. இருபுறமும் நின்றவர்களின் தோள்களைப் பார்த்தாள். ஓர் ஆள் அகலத்துக்கு இருந்த இடம் குறுகியிருந்தது. பார்க்கப் பார்க்கக் குறுகியது.

நகத்தால் விளிம்பைத் தேடினாள். இடப்பக்கம். இல்லை. வலப்பக்கம். இல்லை. எங்கே ஒட்டினாள்? செங்கல். செங்கல். செங்கல். ஒரு நகம் பிய்ந்தது. பிளேடு காலடியில்தான் கிடந்தது. எடுக்கத் துணியவில்லை. எங்கே வெட்டுவது? முகம் எங்கே இருக்கிறது?

மணி நின்றது.

அவள் முகத்துக்கு நேரே செங்கல் சுவர் மெல்ல உப்பியது. நெஞ்சு அளவுக்கு. ஓர் ஆள் முழு மூச்சை இழுத்தால் எவ்வளவு உப்புமோ அவ்வளவு. பிறகு அசையாமல் நின்றது. இறங்கவில்லை. காத்திருந்தது.

வரிசையில் இருந்த எல்லாருடைய கண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

உள்ளேயிருந்து, பல்லைக் கடித்தபடி, அவன் கேட்டான்.

"விடவா?"