பெயர் சொல்லாமல் குடித்த தேநீர்

ஷவ்கி மேஸ்திரி புது வீட்டுக்குக் குடிவந்த அன்று, காவலாளி அவரை முன்வாசலிலேயே மறித்தான்.

"வேலையாளுங்களுக்குப் பின்பக்கத்து கேட்டு, ஹாஜியாரே. சுத்திப் போங்க."

"குடியிருக்க வந்திருக்கேன்பா."

அவன் அவருடைய கைகளைப் பார்த்தான். முப்பது வருஷம் சிமெண்டு தின்ற கைகள். லாரியின் முன்சீட்டிலிருந்து ஸகிய்யா தலையை நீட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோ மகனே. அந்தக் கையைப் பாத்துட்டு நானும் மொதல்ல வேணாம்னுதான் சொன்னேன்."

முனீர் என்ற அந்தக் காவலாளி சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

மகன் குவைத்தில் இருந்துகொண்டு வாங்கிக் கொடுத்த வீடு அது. கெய்ரோவுக்குக் கிழக்கே, பாலைவனத்தைச் சமன் செய்து கட்டிய நசீம் நகர். நாற்பது கட்டடங்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே மணல் நிறம். வேலிச்செடியைக்கூட மட்டக்கோல் வைத்து வெட்டியதுபோல் வெட்டியிருந்தார்கள். பாதி வீடுகள் வாங்கிப் பூட்டிப் போட்டவை. அதுவரை குடியிருந்த ஷுப்ராவின் நெரிசலிலும் புகையிலும் ஸகிய்யாவின் நெஞ்சு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. அங்கேயே இருந்தால் இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே வந்த இரண்டாவது வாரம், மூன்று மாடியையும் அவள் நிற்காமல் ஏறினாள். ஏறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, அழுதாள்.

"மூச்சு நல்லா வருது. பேசத்தான் ஆளில்ல," என்றாள் ஒரு மாதம் கழித்து. "கப்றுஸ்தான்ல பொதைஞ்சவங்களைப் பாக்கக்கூட வெள்ளிக்கிழமை நாலு பேரு வருவாங்க."

"உனக்கு மூச்சு வேணுமா, பேச்சு வேணுமா?"

"ரெண்டும் வேணும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்யிறது?"

ஷவ்கிக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதை அவர் மனைவியிடம் சொல்லவும் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால், இது மணலும் மனை எண் எழுதிய பலகையுமாகக் கிடந்தபோது, இதே கட்டடங்களில் சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்த்தவர் அவர். மகன் சொன்ன புதுப்பெயரை வைத்து இன்ன இடம் என்று தெரியவில்லை. தெரிந்தபோது சாமான் எல்லாம் லாரியில் ஏறியிருந்தது.

தினமும் வெயிலில் நடந்தார். ஒரே ஒரு இடத்தைத் தேடினார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் பின்னால் ஒரே புல், ஒரே குழாய், ஒரே செடி. எது அந்த இடம் என்று பிடிபடவில்லை. பிடிபடாதது நிம்மதியாகவும் இருந்தது, தூக்கத்தைக் கெடுக்கவும் செய்தது.

ஸகிய்யா ஷுப்ராவிலிருந்து தன் ஓலைக்கூடையையும் கயிற்றையும் கொண்டுவந்திருந்தாள். அங்கே பால்கனியிலிருந்து கூடையை இறக்கிக் குரல் கொடுத்தால் போதும், ரொட்டி, அவரை, வெங்காயம் எல்லாம் மேலே வரும். இங்கே தெருவில் விற்கிறவனை உள்ளே விடுவதில்லை. பால்கனியில் துணி தொங்கக்கூடாது, கயிறு தொங்கக்கூடாது என்று கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஒருநாள் உச்சிப்பொழுதில், சலிப்பில், அவள் கூடையை இறக்கினாள்.

"கீழ யாராச்சும் உசுரோட இருக்கீங்களா? ஒரு வாய் டீயாச்சும் வைங்கப்பா!"

கயிறு இரண்டு தரம் சுண்டியது.

இழுத்தபோது கூடை கனத்தது. உள்ளே ஒரு கண்ணாடி டம்ளர், கறுத்த தேநீர், மேலே புதினா இலை. ஆவி பறந்தது.

"தோட்டக்காரன் யாரோ," என்று அன்று மாலை கணவரிடம் சொன்னாள். "நல்ல மனுசன், முகத்தைக் காட்ட மாட்டேங்கிறான். இந்த ஊர்ல ஒரு ஆளு கெடைச்சுது எனக்கு."

தினமும் வந்தது. நான்காம் நாள் அவள் டம்ளரைக் கழுவாமல் மேசையில் வைத்திருந்தாள். நடை முடிந்து வந்த ஷவ்கி அதைப் பார்த்தார்.

டம்ளரைச் சுற்றி, கை சுடாமலிருக்க, ஒரு காகிதம் சுற்றியிருந்தது. சிமெண்டு மூட்டைக் காகிதம். நான்கு விரல் அகலம், ஓரம் உள்ளே மடித்து.

அப்படி மடிக்கிற ஆள் ஒருவன்தான் இருந்தான்.

அத்ரீஸ். தெற்கே சோஹாகிலிருந்து வந்த தினக்கூலி. மண் வெட்டுவான், பகல் வெயில் ஏறியதும் எல்லோருக்கும் தேநீர் போடுவான். கரண்டியால் கலக்கி விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவான். வாளியில் வைத்துக் கயிற்றை இரண்டு தரம் சுண்டுவான். சாரத்தில் இருக்கிறவன் டம்ளரை எடுத்துக்கொண்டு, "கைக்கு நோவு வராம இருக்கட்டும், அத்ரீஸ்!" என்று கத்த வேண்டும். பெயர் கேட்காமல் அவன் அடுத்த கயிற்றுக்கு நகர மாட்டான். கூலி ஏட்டில் இல்லாத பெயர், சாரத்திலாவது ஒலிக்கட்டும் என்பான்.

ஒருநாள் ஷவ்கி, சாரத்தில் நின்றபடி, அவனைச் சீண்டிப் பார்க்க நினைத்தார். தேநீரை எடுத்தார், பெயரைச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

"மேஸ்திரி, பேரு!" என்றான் கீழே இருந்து.

அவர் இன்னொரு வாய் குடித்தார்.

அவன் கட்டடத்துக்குப் பின்னால், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழியின் விளிம்பில், அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தான். மணல் சரிந்த சத்தம் பெரிதாக இல்லை. மாவைச் சலிப்பதுபோல் இருந்தது. இறங்கி ஓடி வந்தபோது குழி பாதி மூடியிருந்தது. உள்ளே ஆள் உண்டா என்று இன்ஜினியர் கேட்டார். "இல்ல," என்றான் கங்காணி. பிறகு இருவரும் ஷவ்கியைப் பார்த்தார்கள்.

"யாரும் இல்ல," என்றார் ஷவ்கி.

சாயங்காலம் கான்கிரீட் கொட்டினார்கள். மறுவாரம் தேடி வந்த அண்ணனிடம், லிபியாவுக்குப் போய்விட்டான் என்றார்கள்.

ஷவ்கி டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் தேயிலைக்குப் பதில் சாம்பல் நிற மணல் படிந்திருந்தது.

அன்று இரவு ஸகிய்யா இருமினாள்.

மறுநாள் கூடையைத் தொடாதே என்றார். "அடடா, இந்த வயசுல பொறாமையைப் பாரு!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்தது. கைக்குட்டையில் இரண்டு மணல் துகள். பாலைவனக் காற்று என்றாள். வேறெங்காவது போய்விடலாம் என்றார். "எங்க? ஷுப்ரா புகைக்கா?" என்றாள்.

அடுத்த நாள் உச்சியில் அவரே கீழே போய் நின்றார். புல் சீராக வெட்டியிருந்தது. ஒரு காலடி இல்லை, ஒரு சருகு இல்லை. கூடை இறங்கி வந்தது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். காலி.

கையை எடுக்காமல் நின்றார்.

கயிறு இரண்டு தரம் சுண்டியது.

அவர் சுண்டவில்லை.

ஸகிய்யா இழுத்தாள். கூடை அவர் கையை விட்டு ஏறியது. மேலேயிருந்து இருமலோடு அவள் குரல் வந்தது.

"என்னங்க, இன்னிக்கு ரெண்டு டம்ளர் வந்திருக்கு. ஒண்ணு உங்களுக்காம்போல!"

அவர் மாடியேறி ஓடினார். அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். மூச்சு இழுத்தால் உள்ளே போகவில்லை. தொண்டையில் மணல் அரைபட்டது. டம்ளர் இரண்டும் தரையில் உடைந்து கிடந்தன. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருக்கையில் வாசல் சுவரிலிருந்த காவலறை போன் அடித்தது. ஆம்புலன்ஸ் கேட்கலாம் என்று பாய்ந்து எடுத்தார்.

அவர் வாய் திறக்குமுன் முனீர் முந்திக்கொண்டான்.

"ஹாஜியாரே, கோச்சுக்காதீங்க. உங்க பால்கனிக்குக் கீழ ஒரு வேலையாள் நிக்கிறான். நாலஞ்சு நாளா கேமராவுல பாக்குறேன். நேர்ல போனா காணோம். ஆபீஸ்ல என்னைக் கிழிக்கிறாங்க. உங்க ஆளுன்னா பேரைச் சொல்லுங்க, ஏட்டுல எழுதிடறேன்."

"என்ன... என்ன பண்றான்?"

"ஒண்ணும் பண்ணல. அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கிறான்."

பெயர் ஏட்டில் ஏறினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் இந்தப் புல்லைக் கொத்துவார்கள். வீடு போகும், ஸகிய்யாவின் காற்றும் போகும், அவர் கையில் விலங்கும் விழலாம். பால்கனியில் அவள் முழங்கால் மடங்கியது.

"அத்ரீஸ்," என்றார். "அத்ரீஸ் அப்துல் மவ்ஜூத். சோஹாக்."

"எப்ப உள்ள வந்தான்?"

"பதினாலு வருசம் ஆச்சு."

முனீர் சிரித்தான். "வெளிய போன நேரம்?"

"போகல."

சிரிப்பு நின்றது. ஷவ்கி போனைத் தொங்கவிட்டுப் பால்கனிக்கு ஓடினார். கம்பிக்கு மேல் குனிந்து, அந்த வெட்டிய புல்லைப் பார்த்து, நாற்பது கட்டடத்துக்கும் கேட்கக் கத்தினார்.

"கைக்கு நோவு வராம இருக்கட்டும், அத்ரீஸ்!"

எதிரில் இரண்டு திரைகள் விலகின. யாரோ ஜன்னலை அறைந்து சாத்தினார்கள்.

ஸகிய்யாவின் இருமல் நின்றது. அவள் ஒரு மூச்சு இழுத்தாள். நெஞ்சு முழுக்க நிறைந்தது அது. இன்னொன்று இழுத்தாள். கண்ணில் நீர் வழிய அவரைப் பார்த்தாள்.

"யாருங்க அத்ரீஸ்?"

"சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். நாளைக்கு சோஹாக் போகணும், அவன் அண்ணனைப் பாக்கணும்."

வாசலில் தொங்கிய போனிலிருந்து முனீரின் குரல் மெல்ல வந்தது.

"ஹாஜியாரே... பேரு எழுதிட்டேன். இப்ப அவன் கீழ இல்ல."

ஷவ்கி கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"படிக்கட்டு கேமராவுல ஏறி வரான். ரெண்டாம் மாடி."

கதவு பூட்டியிருந்தது. தாழ்ப்பாளும் போட்டிருந்தது. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெயில், வெட்டிய புல்லின் வாடை, எங்கோ தண்ணீர் தெளிக்கும் குழாயின் சிறிய ஓசை.

பிறகு ஈரச் சிமெண்டின் வாடை வந்தது. அதோடு புதினா.

ஸகிய்யா அவர் கையைப் பற்றினாள். இப்போது அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"அடுப்படியில யாரு?"

டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் நின்றது.

விளிம்பில் இரண்டு தட்டு.