கொலைக்குத் திராட்சை வாசம்!

போன் அலறியது.

"மேடம்! எங்க மாமா... ஒயின் தொட்டிகிட்ட செத்துக் கெடக்கார்!"

சாங்வியைத் தாண்டியிருந்த அந்தச் சின்ன ஒயின் ஃபேக்டரிக்கு ஜீப் பறந்தது. இன்ஸ்பெக்டர் ஸ்டெல்லா பக்கத்து மராத்தி ஊரான போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். குற்றவாளிகளை மராத்தியில் திட்டுவாள். ரொம்பக் கோபம் வந்தால் தமிழில்!

நிலவறைக் கதவைத் திறந்தாள்.

தரையில் முதலாளி இருதயராஜ்... மல்லாந்து!

தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி, பாதி உருகி எரிந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா அதை ஒரு கணம் பார்த்தாள். நேராக உள்ளே போய்க் குனிந்தாள். பிணத்தின் மீசையில் வெள்ளைப் பஞ்சு இழைகள்.

போன் செய்தவன் ஆண்டனி. செத்தவரின் அக்கா மகன். கையில் கர்ச்சீப் இருந்தது. கண்ணீரைத்தான் காணோம்.

"எப்படி ஆச்சு?"

"மேடத்துக்கு ஒயின் எப்படிப் பண்றாங்கன்னு தெரியாதுல்ல?" மாமா செத்த வீட்டில் பிரசங்கம் ஆரம்பமானது. "கருப்பு திராட்சையைத் தோலோட நசுக்கித் தொட்டியில போடுவோம். கலர் தோல்லேர்ந்துதான் எறங்கும். ஈஸ்ட் இருக்கே... அது சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலைக் கக்கும். கூடவே கார்பன் டை ஆக்ஸைடு! அந்த கேஸ் கனம் மேடம். தரையில படுத்துக்கிட்டு காத்தை வெளியே தள்ளிடும். குனிஞ்சா... கேல் கதம்! ஆட்டம் க்ளோஸ்!"

"ஃபேன் இல்லையா?"

"இருக்கு. நிறுத்தினது இவன்!"

ஃபோர்மேன் மன்சூர் பதறி முன்னால் வந்தான்.

"அல்லா மேல ஆணை மேடம்! தொட்டி பொங்கி அடங்கிடுச்சு, ஃபேன் வேணாம்னு சொன்னதே முதலாளிதான்! திங்கக்கிழமையிலேர்ந்து ஃபேக்டரியை நீயே நடத்துன்னாரு... அவரை நான் ஏன்..."

"பொய்! தொட்டி இன்னும் பொங்குது. நான் ஒயின் எக்ஸ்பர்ட்!"

எக்ஸ்பர்ட்தான். விமான் நகர் பார்களில் கிளாஸைச் சுழற்றி, மோந்து, போட்டோ போடுவதில் ஆண்டனியை அடிக்க ஆளில்லை. தொட்டிப் பக்கம்தான் எட்டிப் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா தொட்டியில் காதை வைத்தாள். ஒரு குமிழ் சத்தம்கூட இல்லை!

மன்சூரின் கண்கள் கெஞ்சின. பாவம்... அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு ஜெயில்.

"இந்த மெழுகுவத்தி யார் வச்சது?"

"நான்தான் மேடம். செத்தவங்க தலைமாட்டுல வெளிச்சம் இல்லாம எங்கள்ல விடமாட்டாங்க. பாத்ததுமே ஏத்தி வச்சேன். கதவைச் சாத்திட்டு ஓடி வந்துதான் உங்களுக்கு போன் போட்டேன்."

"அப்ப கேஸ் உங்களை ஒண்ணும் பண்ணலையா?"

"மூச்சை அடக்கிக்கிட்டேன்ல!" பெருமையாய்ச் சொன்னான்.

ஸ்டெல்லா கைவிலங்கை எடுத்தாள். மன்சூர் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

க்ளிக்!

விலங்கு விழுந்தது... ஆண்டனியின் கையில்!

"மே... மேடம்! நான் என்ன பண்ணேன்?"

"ஃபேக்டரி மன்சூர் கைக்குப் போகுதேன்னு தலகாணியால அமுக்கியிருக்கே. மாமா மீசையில பஞ்சு. செத்தவரை இங்க கொண்டாந்து போட்டு, பழியை கேஸ் மேலயும் இவன் மேலயும் போட்டுட்டே!"

"ஐயோ, கேஸ்தான் மேடம் கொன்னுச்சு! சத்தியமா!"

ஸ்டெல்லா கோபத்தில் பச்சைத் தமிழுக்கு இறங்கினாள்.

"சரிடா... நீ மூச்சை அடக்கிக்கிட்டே. உன் மெழுகுவத்தி எப்படிடா அடக்கிச்சு?"