கிரேமர் வீட்டுச் சாப்பாட்டு மேசை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. சுந்தரேஸ்வரி ஒரே ஒரு தரம் சொன்னாள். சொல்லும்போது யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தேழாம் ஆண்டு, ஸ்டுட்கார்ட், ஆடி அமாவாசை மத்தியானம். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர் கிரேமர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் அவளும் கணவன் சோதிலிங்கமும் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் மாத முடிவில் விமானம். சாப்பிட்டு முடிந்ததும் கையெழுத்து என்றார் கிரேமர். கையால் சாப்பிடச் சொன்னதும் அவர்தான். பொறுப்பேற்புக் கடிதம் அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

மேசையை அவரே வடிவமைத்திருந்தார். தடித்த கண்ணாடிப் பலகை. கால்களுக்குப் பதில் இரும்புக் குழாய்கள், வால்வுச் சக்கரங்கள், உள்ளங்கை அகலத்தில் நட்டுகள். கண்ணாடியினூடே எல்லோருடைய பாதங்களும் தெரிந்தன. அவருடைய மனைவி மட்டும் தட்டை மேசையில் வைக்காமல் மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

இறந்துபோன தன் தகப்பனுக்காக அவளுக்கு அன்று விரதம். காகத்துக்கு வைக்க வழியில்லை. சுந்தரேஸ்வரி பழக்கத்தில் முதல் பிடிச் சோற்றை உருட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்தாள். கிரேமரின் மனைவி, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

சோற்றுக்குக் கீழே கண்ணாடி மூச்சுப்பட்டதுபோல் மங்கியது. பழைய இயந்திர எண்ணெயும் நாட்பட்ட எச்சிலும் கலந்த வாடை எழுந்தது. அந்த மங்கலுக்குள் சாம்பல் நிறமாய், அகலமாய் ஒரு நாக்கு அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, நத்தை ஊர்வதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வழித்துக்கொண்டு போனது. சோறு மேலேதான் இருந்தது. பிறகு இல்லை.

குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் பாதங்கள். தரைவிரிப்பு. வேறொன்றுமில்லை.

"இஞ்சேருங்கோ, கீழ ஏதோ நக்குது."

"விசர்க்கதை கதையாதையும். மனிசன் பாக்கிறார், சாப்பிடும்," என்றான் பக்கத்தில் இருந்த சோதிலிங்கம்.

"ஏலாதப்பா. சத்தி வருது." வாந்தியை அடக்கிக்கொண்டாள்.

"விழுங்கும். கையெழுத்தை வைக்கட்டும், வெளியில போய் வடிவாச் சத்தி எடும்."

தட்டை நகர்த்தினாள். கண்ணாடிக்கடியில் நாக்கும் கூடவே நகர்ந்தது. நட்டுகளின் விளிம்பில் எச்சில் கொழகொழவென்று கசிந்தது. உதடுகள். பல் இல்லை. சப்பும் சத்தம்.

கடைசிப் பிடி. விழுங்கினாள்.

கிரேமர் கையெழுத்திட்டுக் கடிதத்தைக் கண்ணாடிமேல் அவள் பக்கம் தள்ளினார். பாதி வழியில் அது ஒட்டிக்கொண்டது. தாளின் மூலை நனைந்தது. மை கரையத் தொடங்கியது.

சுந்தரேஸ்வரி சோற்றுக் கையைத் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நுழைத்தாள். வெதுவெதுப்பு. நாக்கு விரலிடுக்குகளுக்குள் ஒவ்வொன்றாக வந்தது. சோதிலிங்கம் தாளை எடுத்து உதறும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

அனுமதி கிடைத்தது. கிரேமர் அடுத்த ஆண்டு இறந்தார். மனைவி முதியோர் இல்லத்துக்குப் போனாள். மேசையை யார் கொண்டுபோனார்களோ தெரியாது. சோதிலிங்கம் ஹம்பேர்க்கில் கடை வைத்திருக்கிறான். சுந்தரேஸ்வரி இடது கையால் சாப்பிடுகிறாள். வலது கை காய்வதேயில்லை. அவள் சாப்பிடும்போது அதன் விரல்கள், யாரோ சூப்புவதுபோல், ஒவ்வொன்றாகக் குழிந்து நிமிர்கின்றன.